முகம் கீழே பார்த்து மலை ஏறியது

எனக்கு வந்திருக்கும் நோயின் பெயரைச் சொன்னால் போளூரில் பாதிப் பேர் உப்பைக் குறைக்கச் சொல்கிறார்கள், மீதிப் பேர் கோபத்தைக் குறைக்கச் சொல்கிறார்கள். நுரையீரல் ரத்த அழுத்தம். கையில் பட்டை சுற்றிப் பார்க்கிற ரத்த அழுத்தம் இல்லை இது. அப்படிச் சுற்றிப் பார்த்தால் எனக்கு எப்போதும் குறைவாகத்தான் காட்டும். இதயத்திலிருந்து நுரையீரலுக்கு ரத்தம் கொண்டுபோகிற குழாய்கள் உள்ளே தடித்துக் குறுகிவிட்டன. அந்தக் குறுகலுக்குள் ரத்தத்தைத் தள்ளித் தள்ளி இதயத்தின் வலப்பக்கம் களைத்துப் போகிறது. இதைப் பக்கத்து வீட்டம்மாவுக்குப் படம் போட்டே விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப ஊறுகாய விட்டுடுங்க" என்றார்.

நான் வருவாய்த் துறையில் வேலை பார்த்துத் துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றவள். எந்த மனு எந்த மேசையில் தூங்கும், எழுப்ப யாரைக் கேட்க வேண்டும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். என் கணவர் ஜவ்வாது மலைக்காரர். மலையிலேயே பள்ளி ஆசிரியராக இருந்தவர். நான் அடிவாரத்து விவசாயக் குடும்பம். கல்யாணமானபோது என் ஊரில் என்னை மலையில் தள்ளிவிட்டதாக அழுதார்கள். அவர் ஊரில், கீழ்நாட்டுப் பெண் சாமை குத்துவாளா என்று சிரித்தார்கள். நான் மலைக்கும் போகவில்லை, சாமையும் குத்தவில்லை. போளூரில் வீடு பிடித்து அலுவலகம் போனேன். அவர் வாரக் கடைசிகளில் இறங்கி வந்தார்.

வேலைக்காலம் முழுக்க அப்படித்தான் ஓடியது. ஓய்வு பெற்றதும் மேலே போய் ஒரே கூரையின் கீழ் இருப்பது என்று ஏற்பாடு. ஜமுனாமரத்தூரைத் தாண்டி, ஜீப் போகிற பாதை முடிகிற இடத்திலிருந்து செங்குத்தாக ஏறினால் அவருடைய ஊர். அவர் எனக்கு முன்னால் ஓய்வு பெற்று முன்னால் ஏறிவிட்டார். ஓடு மாற்றினார். மேற்குச் சுவரை இடித்து ஒரு ஜன்னல் வைத்தார், சாயங்கால வெளிச்சத்தில் நான் உட்கார்ந்து படிப்பேன் என்று. கூடவே சாமையும் போட்டார், இரண்டு மாடும் வாங்கினார். மாடு வாங்கிய மனிதர் வீட்டை விட்டு அசைய முடியாது என்பதை அவர் யோசிக்கவில்லை. யோசிக்க வேண்டிய காரணமும் அப்போது இல்லை. நான்தான் வரப் போகிறேனே.

அதற்குள் மூச்சு குறைந்தது. முதலில் மாடிப்படி மேல் பழி போட்டேன். பிறகு வயது, பிறகு எடை. ஒரு டாக்டர் ரத்தசோகை என்றார், இன்னொருவர் ஆஸ்துமா என்று வாயில் அடிக்கிற மருந்து கொடுத்தார். அதை அடித்துக்கொண்டே பிரிவு உபசார விழாவில் மாலை வாங்கினேன். அந்த வாரமே பேருந்து பிடிக்க வேகமாக நடந்து, நிறுத்தத்தில் மயங்கி விழுந்தேன். அதன் பிறகுதான் இதயத்துக்கு எக்கோ எடுத்தார்கள். அதுவரை என்னைப் பார்த்தவர்கள் யாரையும் நான் குறை சொல்ல மாட்டேன். மூச்சிரைக்கிறது என்று வருகிறவர்களில் இந்த நோய்க்காரர் அபூர்வம். என் மேசைக்கும் அபூர்வமான மனுக்கள் வந்ததுண்டு. நானும் அவற்றைப் பழக்கமான மனுக்களின் கட்டோடுதான் முதலில் வைப்பேன்.

பெரிய ஊர் மருத்துவமனையில் ஒரு பெண் டாக்டர். என் அக்காள் மகள் வயதிருக்கும். கழுத்திலுள்ள சிரை வழியாக மெல்லிய குழாயை இதயத்துக்குள் செலுத்தி, அழுத்தத்தை உள்ளேயே அளந்து பார்த்தார். எக்கோ சந்தேகப்படும், இதுதான் உறுதி செய்யும் என்று விளக்கினார். குழாய் உள்ளே இருக்கும்போதே ஒரு மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். சிலருக்கு அதில் அழுத்தம் சட்டென்று இறங்கும். அவர்களுக்குச் சாதாரண பிரஷர் மாத்திரைகளில் ஒரு வகையே போதும், வெகுகாலம் நன்றாக இருப்பார்கள். எனக்கு இறங்கவில்லை. பிறகு நுரையீரலில் காற்று போகும் வழியையும் ரத்தம் போகும் வழியையும் பார்க்கிற ஒரு ஸ்கேன். பழைய ரத்தக்கட்டிகள் குழாயை அடைத்திருந்தால் அறுவை சிகிச்சை செய்து எடுத்துவிடலாமாம். இந்த நோயில் அநேகமாகக் குணம் என்று சொல்லக்கூடிய வகை அதுதான். என் ஸ்கேனில் கட்டி எதுவும் இல்லை. உடம்பில் கட்டி இல்லை என்று கேட்டு வருத்தப்பட்டவள் அந்த வராந்தாவில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

"காலக்கெடு சொல்லுங்க டாக்டர்" என்றேன்.

"நான் ஜோசியம் பாக்கறதில்லம்மா."

"நாங்களும் அப்படித்தான் சொல்லுவோம். ஆனா மனசுக்குள்ள ஒரு தேதி இருக்கும்."

அவர் சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். முன்பெல்லாம் இதற்குக் கொடுக்க ஒன்றும் இருக்காது, அந்தக் காலத்துக் கணக்கை இணையத்தில் படித்துவிட்டு வந்து அழுகிறவர்கள் உண்டு, நீங்கள் படிக்காதீர்கள் என்றார். இப்போது குழாயை விரிக்கிற மாத்திரைகள் சில வகை இருக்கின்றன. ஒன்று போதாவிட்டால் இரண்டு, பலருக்கு ஆரம்பத்திலேயே இரண்டு. அதுவும் போதாவிட்டால் தோலுக்கடியில் ஊசி வைத்து ஓயாமல் சொட்டவிடுகிற மருந்து. எல்லாம் கைவிட்டால் நுரையீரல் மாற்று. குணமாகாது, ஆனால் பிடித்து நிறுத்தலாம். எத்தனை வருடம் என்பது இதயத்தின் வலப்பக்கம் எவ்வளவு தாங்குகிறது என்பதைப் பொறுத்தது. "அத நாம அடிக்கடி பாத்துக்கிட்டே இருப்போம். மாத்திரைய மட்டும் நீங்களா நிறுத்தக் கூடாது. ஒரு நாள்கூட." நேர்மையான பதில். நான் பணியில் இருந்தபோது யாருக்காவது இவ்வளவு தெளிவாகப் பதில் சொல்லியிருக்கிறேனா என்று தெரியவில்லை.

முதல் மாத்திரை சில்டெனாஃபில். ஆண்மைக் குறைவுக்கும் அதைத்தான் கொடுப்பார்கள் என்பது ஊருக்கே தெரியும், என் கணவருக்குத் தெரியாது. சந்தைக்கு இறங்கி வந்தவர் சீட்டை எடுத்துக்கொண்டு மருந்துக்கடைக்குப் போனார். கடைக்காரர் ஒரு பட்டை போதுமா என்று கேட்க, இவர், "இன்னா ஒரு பட்ட? வேளைக்கு ஒண்ணு, மூணு வேளைக்கும் வேணும், மாசம் பூராவுக்கும் குடுப்பா" என்றாராம். கடையில் இருந்தவர்கள் எழுந்து நின்று வழி விட்டார்களாம். வீட்டுக்கு வந்து, "நல்ல மரியாதயான ஊரு" என்றார். நான் விஷயத்தைச் சொன்னதும் பையைத் தலைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அன்று சிரித்ததில் எனக்கு மூச்சு வாங்கி உதடு நீலமாகிவிட்டது. அதிலிருந்து அவர் என்னைச் சிரிக்க வைப்பதை நிறுத்திக்கொண்டார்.

இந்த நோய் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டதில் அதுதான் எனக்குப் பெரிய நஷ்டம். தூங்கும்போது ஆக்சிஜன் தருகிற இயந்திரம் ஒன்று வந்தது. அதற்கு மின்சாரம் வேண்டும். மலையில் மின்சாரம் நினைத்தால் வரும். ஆகவே நான் போளூர், அவர் மலை. ஊருக்கு மேலே ஒரு பாறை உண்டு, அதில் ஏறினால்தான் சிக்னல். தினமும் மாட்டைக் கட்டிவிட்டு அங்கே ஏறிக் கூப்பிடுவார்.

"மூச்சு எப்படி கீது?"

"கீது."

"மாத்தர?"

"போட்டேன்."

"காலு வீக்கம்?"

"ஏங்க, டாக்டரே இவ்ளோ கேக்கறதில்ல. வேற எதனா பேசுங்க."

வேறு பேச்சு தேடுவார். பிறகு, "உப்பு கொறச்சலா போட்டியா?" என்பார்.

ஒரு காலத்தில் இந்த மனிதர் என்னோடு புளிக்குழம்பின் பதத்தைப் பற்றி வாரம் முழுக்கச் சண்டை போட்டிருக்கிறார். நான் வாங்கிய புடவையின் நிறத்தைப் பார்த்துவிட்டு, தாலுகா ஆபீஸ் சுவர் மாதிரி இருக்கிறது என்றவர். இப்போது என்ன சொன்னாலும் "சரி" என்கிறார். நான் ஏங்கியது மலைக்காற்றுக்கு அல்ல. அதை விளம்பரம் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர் என்னை மறந்துவிட்டுத் தன் வேலையைச் செய்துகொண்டிருக்க, நான் அதே வீட்டில் இன்னொரு பக்கம் இருக்க வேண்டும். அவ்வளவுதான். கேட்டால் சின்ன விஷயம். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அது எங்களுக்குத் தொடர்ந்து ஒரு மாதம்கூடக் கிடைத்ததில்லை.

இரண்டாவது மாத்திரை சேர்ந்த பிறகு கொஞ்சம் தெம்பு வந்தது. மருத்துவமனையில் ஆறு நிமிட நடை என்று ஒரு சோதனை உண்டு. நீளமான வராந்தாவில் ஆறு நிமிடம் நடக்க விட்டு, எவ்வளவு தூரம் போகிறோம் என்று பார்ப்பார்கள். அந்த முறை முன்னைவிட நன்றாக நடந்தேன். டாக்டரின் முகம் தெளிந்திருந்த நேரம் பார்த்து என் மனுவை வைத்தேன்.

"மலையா? எவ்வளவு உயரம்?"

சொன்னேன். யோசித்தார். "ஊட்டி, கொடைக்கானல்னா வேணாம்னு சொல்லுவேன். இது அவ்வளவு இல்ல. சிலிண்டர் கூட வெச்சுக்கணும், கொஞ்ச நாள்ல திரும்பிடணும். ஆனா ஏறவே கூடாது. அந்தப் பாதைய நீங்க நடந்து ஏறினா இதயம் தாங்காது." பிறகு பேனாவை மூடிக்கொண்டே, "யாராவது தூக்கிட்டுப் போனா தாராளமா போங்க" என்றார்.

அவர் விளையாட்டாகச் சொன்னார். நான் அதை அரசாணையாக எடுத்துக்கொண்டேன். மலையில் தூக்கிப் போவது புதிதா என்ன? சாலை இல்லாத ஊர்களில் நோயாளிகளையும் பிரசவ வலி வந்தவர்களையும் கம்பில் துணி கட்டி, டோலியில் வைத்துத்தான் ஜீப் நிற்கிற இடம் வரை கொண்டு வருகிறார்கள். கணவரிடம் போனில் சொன்னேன். அவர் முதலில் மாட்டைப் பற்றி ஏதோ சொன்னார். பிறகு, "வா, பாத்துக்கலாம்" என்றார்.

ஜீப் பாதை முடிகிற இடத்தில் நான் இறங்கியபோது, என் கணவர், கொழுந்தனார், ஊர்ப் பெரியவர், தூக்குவதற்கு நான்கு ஆட்கள் எல்லோரும் நின்றிருந்தார்கள். டோலி மட்டும் இல்லை.

கொழுந்தனார்தான் ஆரம்பித்தார். "அண்ணி, எறக்கணும்னா சொல்லுங்க, எத்தன தடவ வேணா எறக்கறோம்."

"நான் கீழதானே நிக்கறேன். இன்னும் எங்க எறக்குவீங்க?"

அவர் தலையைச் சொறிந்துகொண்டு பெரியவரைப் பார்த்தார். பெரியவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். "அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. டோலியில எறங்குறவங்க உசுரோட எறங்குவாங்க. கொணமானா தன் கால்ல ஏறி வருவாங்க. டோலியில ஏறி வர்றது ஆஸ்பத்திரியில முடிஞ்சி போனவங்கதான். உசுரோட கீற உங்கள அப்படித் தூக்குனா, நாங்களே தேதி வெச்ச மாதிரி ஆயிடும்."

என் கணவரைப் பார்த்தேன். அவர் செருப்பைப் பார்த்தார். அவருக்கு இது தெரிந்தேதான் இருந்திருக்கிறது. வராதே என்று சொல்லவும் மனம் வரவில்லை.

"நான் தூக்கிக்கறேன், முதுவுல" என்றார்.

"ஒங்க முட்டிக்கு யாரு டோலி கட்டறது?" என்றார் கொழுந்தனார். ஆட்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. இவ்வளவு தூரம் வந்துவிட்டு, ஜீப்பில் ஏறித் திரும்பிப் போவதை நினைத்தபோது மாத்திரைகளுக்கு அடங்காத ஏதோ ஒன்று நெஞ்சில் அழுத்தியது. வற்புறுத்தினால் தூக்கியிருப்பார்கள். அவர்கள் வழி நெடுக என் சாவை நினைத்துக்கொண்டு நடப்பார்கள், மேலே போனதும் என் நாத்தனார் என்னைப் பார்த்து அழ ஆரம்பிப்பாள். அப்படி ஏறுவதற்கு ஏறாமலே இருக்கலாம்.

ஜீப்பின் படியில் உட்கார்ந்து யோசித்தேன். விதியை எதிர்த்துச் சத்தம் போடுகிறவர்களை அலுவலகத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் மாலைவரை சத்தம் போட்டுவிட்டு வீட்டுக்குப் போவார்கள். விதி எதைத் தடுக்கிறது என்று நிதானமாகக் கேட்கிறவர்தான் காரியத்தோடு போவார்.

"துணியிலதான் தூக்கக் கூடாதா? வூட்டுல ஒரு கை வெச்ச நாற்காலி இருக்குதே, அதுல கம்பு கட்டினா?"

பெரியவர் கண்ணை மூடி யோசித்தார். "உங்க கீழ்நாட்டுல பொணத்த உக்கார வெச்சுத்தானே தூக்குறாங்க? நான் பாத்துக் கீறேனே."

அது உண்மை. என் சொந்த ஊர் எனக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிட்டது.

"சரி. டோலியில உசுரோட எறங்குறவங்க முகம் எந்தப் பக்கம் இருக்கும்?"

"கீழ பாத்துத்தான். போற எடத்தப் பாத்து."

"முடிஞ்சி போனவங்க ஏறும்போது?"

"முகம் ஊரப் பாத்து இருக்கும்."

"அப்ப என்ன நாற்காலியில கீழ பாத்து உக்கார வைங்க. முகம் போளூரப் பாக்கட்டும், முதுகு ஊரப் பாக்கட்டும். என் கணக்குல நான் எறங்கிட்டு இருக்கேன். நீங்க எந்தப் பக்கம் நடக்கறீங்கன்றது உங்க இஷ்டம்."

பெரியவரின் வயிறு முதலில் குலுங்கியது. பிறகு தோள். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். என் கணவரிடம் திரும்பி, "வாத்தியாரே, இத்தன வருஷம் இந்தம்மாகிட்ட எப்படிப்பா குடும்பம் நடத்துன?" என்றார்.

"எங்க நடத்துனேன்? வாரத்துல ரெண்டு நாளு விசாரணைக்கு ஆஜரானேன்" என்றார் என் கணவர். எவ்வளவு நாளாயிற்று அந்த நாக்கைக் கேட்டு.

நாற்காலி மேலிருந்து வந்தது. இரண்டு மூங்கில்களைக் கட்டினார்கள். சரிவில் நான் முன்பக்கம் விழுந்துவிடாமல் இருக்க இடுப்பைச் சுற்றித் துண்டால் இறுக்கினார்கள். மேல்பக்கம் போனவர்கள் கம்பைக் கையில் தாழ்த்திப் பிடிக்க, கீழ்ப்பக்கம் வந்தவர்கள் தோளில் ஏற்றிக்கொண்டார்கள். நாற்காலி ஏறக்குறைய மட்டமாக நின்றது. சிலிண்டர் பையை யார் சுமப்பது என்ற கேள்விக்கே இடமில்லை. என் கணவர் முதுகில் மாட்டிக்கொண்டார். மூக்குக்கு வருகிற குழாய் குட்டை. ஆகவே கம்புகளுக்கு நடுவில், என் முழங்காலை இடிக்கிற தூரத்தில் அவர் ஏறி வர வேண்டியிருந்தது.

இதை நான் திட்டமிடவில்லை. முகம் கீழே பார்த்து உட்கார்ந்தால் போளூர் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். தெரிந்தது அவர் முகம். ஏற்றம் முழுக்க அதையே பார்த்துக்கொண்டு போனேன். நெற்றியில் வியர்வை, காதோரம் வெள்ளை மயிர், இடது புருவத்தில் புதிதாக ஒரு வெட்டுக் காயம். போனில் புருவம் தெரியாது.

"இது இன்னா காயம்?"

"மாடு தலைய ஆட்டுச்சி."

"சொல்லவே இல்ல?"

"நீ கேக்கல."

இரண்டாவது திருப்பத்தில் அவருக்கு நன்றாக இரைத்தது.

"மூச்சு எப்படி கீது?" என்று நான் கேட்டேன்.

முறைத்தார். தூக்கியவர்கள் சிரித்த சிரிப்பில் நாற்காலி ஆடியது. "சிரிக்காதீங்கடா, அதிகாரி விழுந்துடப் போறாங்க" என்று கொழுந்தனார் அதட்டினார், அவரும் சிரித்துக்கொண்டே.

எந்த வீட்டுக்காக வந்தேனோ அது எனக்குக் கடைசிவரை தெரியவில்லை. முதுகுக்குப் பின்னால் இருந்தது. முதலில் விறகுப் புகை வந்தது. பிறகு வைக்கோல் வாசனை, ஆட்டுப் புழுக்கை வாசனை. பின்னால் பெண்கள் பேசும் சத்தம். அப்புறம் ஓட்டின் நிழல் என் மடியில் விழுந்தது. இறக்கி வைத்து நாற்காலியைத் திருப்பினார்கள். மேற்கு ஜன்னல் நான் நினைத்ததைவிடச் சின்னது. கோணலாகவும் இருந்தது. வாயைத் திறந்தேன்.

"கோணல்தான். தெரியும்" என்றார் அவர்.

முதல் நாள் அவர் என் எதிரிலேயே உட்கார்ந்து, என் மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாம் நாள் காலையில் துரத்திவிட்டேன். "போய்ட்டு உங்க வேலையப் பாருங்க. இதுக்கா என்ன இவ்ளோ தூரம் தூக்கினு வந்தாங்க?" அரைமனதாகப் போனார். சற்று நேரத்தில் கொல்லையிலிருந்து அவர் சத்தம் கேட்டது. சாமைக்குள் புகுந்த யாரோ ஒருவருடைய ஆட்டை, அதன் சொந்தக்காரரை, சொந்தக்காரரின் அப்பாவை எல்லாம் வரிசையாக ஏசிக்கொண்டிருந்தார். நான் வீட்டில் இருப்பதே அவருக்கு நினைவில்லை. ஜன்னலோரம் மூக்கில் குழாயோடு உட்கார்ந்து முழுவதையும் கேட்டேன்.

மின்சாரம் அடிக்கடி போனது. சிலிண்டர் காலியாகிக்கொண்டு வந்தது. மாத்திரை தீர்வதற்குள் இறங்க வேண்டும். இறங்கும்போது தகராறு இல்லை. முறைப்படி டோலி வந்தது, முறைப்படி படுத்துக்கொண்டு இறங்கினேன். டோலியில் வானம்தான் தெரிகிறது.

அடுத்த பரிசோதனையில் டாக்டர் எக்கோவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இதயம் முன்பிருந்தபடியே தாங்குகிறது, மோசமாகவில்லை என்றார். இந்த நோயில் அது நல்ல செய்தி. மேலே போனதால் கெடுதல் இல்லையா என்று கேட்டேன். "இப்போதைக்கு இல்ல" என்றார். இப்போதைக்கு என்ற சொல்லை நானும் நிறையப் பயன்படுத்தியவள். இந்த முறை பேரம் பேசாமல் வாங்கிக்கொண்டேன்.

இப்போது மழைக்காலம். பாதை வழுக்கும் என்பதால் இரண்டாவது பயணம் தள்ளிப் போய்க்கொண்டிருக்கிறது. நேற்று பாறையிலிருந்து கூப்பிட்டார்.

"நாற்காலி வூட்டுல இல்ல."

"எங்க போச்சு?"

"ஒரு பொண்ணு பிரசவத்துக்குப் போயிருந்துச்சி. தையல் போட்டுக் கீறாங்க, நடக்கக் கூடாதாம். கைப்புள்ளயோட நாற்காலியில கீழ பாத்து உக்கார வெச்சு ஏத்திக்கினு வந்தாங்க. இப்ப பெரியவரு கேட்டுக் கீறாரு, கண்ணு ஆபரேஷன் பண்ணினு வர்றதுக்கு."

"அப்ப எனக்கு?"

"அவருக்கு அப்புறம் நீதான். மழ நின்னா தூக்கலாம்னாங்க. அங்க எப்படி?"

"இங்க மழயே இல்லங்க" என்றேன்.

வெளியே தகரக் கூரைமேல் கொட்டிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் போனில் அவருக்கு நன்றாகக் கேட்டிருக்கும்.

"அப்பிடியா?" என்றார். "இங்கயும் இல்ல."